பொன்னி நுழையாத இடுக்கு

அடி அண்ணாமலைப் பொன்னியின் பெயர் பலருக்குத் தெரியாது. குரல் தெரியும். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையாரைத் தாண்டி ஒருமுறையாவது நடந்தவர்கள் காதில், ஆட்டோ ஹாரனையும் மீறி அந்தக் குரல் விழுந்திருக்கும்.

"கையை முன்னாடி நீட்டுங்க சார்! ஒருக்களிச்சுப் படுங்க! மூச்சை விடுங்க, விடுங்க. புடிச்சி வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க, விடுங்க!"

அந்தக் கோயிலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னஞ்சிறிய கோயில். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குறுகிய வாசல்கள். பின்பக்கம் தலையை நுழைத்து, உடம்பை வளைத்துத் தவழ்ந்து, முன்பக்கம் வெளியே வரவேண்டும். வந்தால் முதுகுவலி தீரும், தலைவலி போகும், நரம்புக் கோளாறு சரியாகும், பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. பௌர்ணமி என்றால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

பொன்னியை அங்கே யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஒரு முக்காலியும் கூடையும் வைத்துக்கொண்டு அருகம்புல் மாலை, கற்பூரம், தேங்காய் விற்கிறவள். கடை போட்ட முதல் வாரத்தில் ஒரு ஆள் நடுவாசலில் மாட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அழுதார். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் காலைப் பிடித்து இழுத்தார்கள். பொன்னிக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இருங்கய்யா, பொணத்தையா இழுக்கிறீங்க!" என்று எல்லோரையும் விலக்கிவிட்டு, வாசல் அருகே குந்தி, "அண்ணா, மூச்சை விடு" என்றாள். அவர் விட்டார். வந்துவிட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம். மாட்டிக்கொண்டவர்களை மீட்பது அவள் வேலை ஆகிவிட்டது. ஆந்திராவிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்த பிறகு, "ஊபிரி வதலண்டி, கங்காரு படொத்தண்டி" என்று தெலுங்கிலும் மூச்சை விடவும் பதறாமல் இருக்கவும் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

பொன்னிக்கு ஒரு விஷயத்தில் தீராத ஆச்சரியம். பெருத்த உடம்புக்காரர்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்; குச்சி மாதிரி இருக்கிற பையன் மாட்டிக்கொண்டு அலறுவான். ஏன்? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில பேர் ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி முட்டுவார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். நெஞ்சு உப்பிக்கொள்ளும், கல் விடாது. இன்னும் சிலர் நேர்எதிர். விழுப்புரத்துக்காரர் ஒருவர் உள்ளே போய் நடுவில் கைகூப்பிக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டார். "வாங்க சார்" என்றால், "சாமி இழுத்துக்குவாரும்மா" என்கிறார். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள்.

"இழுத்துக்குவாரு சார், யாரு இல்லைன்னா? நீங்க கொஞ்சம் காலை உதைச்சா அவருக்கும் சுலபமா இருக்கும்ல!" என்றாள் பொன்னி. வரிசையே சிரித்தது. அவர் உதைத்தார், வந்தார்.

ஆக, மூச்சு வெளியே போகிற நேரத்தில் காலால் உந்தவேண்டும், மூச்சு உள்ளே வருகிற நேரத்தில் சும்மா கிடக்கவேண்டும். இது பொன்னி கண்டுபிடித்த கணக்கு. உந்துகிற நேரத்தில் சும்மா கிடந்தாலும் மாட்டிக்கொள்வாய், சும்மா கிடக்கிற நேரத்தில் உந்தினாலும் மாட்டிக்கொள்வாய். எவ்வளவு நம் பாடு, எவ்வளவு பிள்ளையார் பாடு என்று யோசித்து யோசித்து அவள் அடைந்த முடிவு இது. படித்தவர்கள் கேட்டால் புத்தகமே போட்டுவிடுவார்கள்.

இத்தனையும் தெரிந்த பொன்னி ஒருமுறைகூட அந்த இடுக்குக்குள் போனதில்லை.

யாருக்கும் தெரியாது. கட்டிய புருஷன் பலராமனுக்கே தெரியாது. கடை போடுவதற்கு முந்தைய நாள், கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று தலையை உள்ளே விட்டிருக்கிறாள். இருட்டு. கல்லின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்க, அப்படியே பின்வாங்கிவிட்டாள். யாராவது கேட்டால் "இன்னிக்கு வேணாம், வீட்டுக்கு தூரம்" என்று சொல்லலாம் என்று வைத்திருந்தாள். யார் கேட்டார்கள்? ஊருக்கே வழிகாட்டுகிறவளிடம் நீ போயிருக்கிறாயா என்று எவனுக்குக் கேட்கத் தோன்றும்?

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு மோதிரவிரல். அருகம்புல் தொடுக்கும்போது நார் நழுவும். தேங்காய் கைவிட்டு உருளும். பலராமன் அதே பாதையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு நாளைக்கு எட்டு முறை கடையைத் தாண்டிப் போகிறவன், கவனித்துவிட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நட போயிட்டு வந்துடலாம், வா."

"நரம்புக்கோளாறு தீர்க்கிற சாமி காலடியில ஒக்காந்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு சிரிப்பாங்க. பிள்ளையார் பாத்துப்பாரு."

ஆடி மாதம் கேட்டான். தீபாவளிக்குக் கேட்டான். பொங்கலுக்குக் கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டு போனான். பொன்னி தினமும் காலையில் விபூதியைக் குழைத்து விரலில் பூசிக்கொண்டாள். அது பக்தியா, ஆஸ்பத்திரி பயமா என்று அவளை நிறுத்திக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். அவளுக்கே பதில் தெரியாத கேள்வி அது.

மறு சித்திரையில் ஒரு நாள், டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த டீ, கப்பு சரிந்து கைமேல் கொட்டியது. பொன்னி பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடைக்காரி "ஐயோ, கை!" என்று கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் தோல் கொப்பளித்துக் கிடந்தது. வலியே இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. பலராமன் வண்டியை நிறுத்தி, பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனான்.

டாக்டர் கையைப் பார்க்கவில்லை, கழுத்தைத் தடவிப் பார்த்தார். "கழுத்து எலும்புக்கு நடுவுல நரம்பு நசுங்குதும்மா. எந்த இடம்னு ஸ்கேன் பார்க்காம நான் கத்தி வைக்க முடியாது. சீக்கிரம் எடுத்துட்டு வாங்க. நாளாக ஆக மத்த விரலும் போகும். அப்புறம் கையே எழுப்ப முடியாமப் போயிடும்."

ஸ்கேன் சென்டரில் விமல்ராஜ் என்று ஒரு இளைஞன், மிஷின் ஓட்டுகிறவன். உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்றான். பொன்னி தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். அதில் பதினோரு ஊக்கு. பெரியது, சிறியது, துருப்பிடித்தது.

"இன்னாக்கா, ஊக்குக் கடையே வச்சிருக்கீங்க?"

"அவசரத்துக்கு ஆவும்பா. வரிசையில எத்தினி பேருக்கு ஜாக்கெட்டு கிழியுதுன்னு உனக்கின்னா தெரியும்."

ஒவ்வொன்றாகக் கழற்றி பலராமன் கையில் கொடுத்தாள். பலகை மாதிரி ஒரு மேஜையில் படுக்க வைத்தார்கள். முகத்தின்மேல் கூண்டு ஒன்றை மாட்டினான். இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியவில்லை என்றால் அமுக்கச் சொன்னான். மேஜை மெல்ல நகர்ந்து ஒரு குழாய்க்குள் போனது. மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

இடுக்கு. அதே இடுக்கு. இருபத்திரண்டு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்த இடுக்கு ஆளைத் தேடிக்கொண்டு டவுனுக்கே வந்துவிட்டது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பந்தைப் பிசைந்தாள். "எடு, எடுப்பா, எடுடா டேய்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். வெளியே வந்தபோது புடவையெல்லாம் வியர்வை.

விமல்ராஜ் தண்ணீர் கொடுத்துவிட்டு அவளையே பார்த்தான். "நீங்க இடுக்குப் பிள்ளையாராண்ட இருக்கிற அக்காதானே? பிளஸ் டூ படிக்கிறப்ப நான் மாட்டிக்கினு அழுதேன். நீங்கதான் பேசிப் பேசி வெளிய கொண்டாந்தீங்க. உங்களுக்கா பயம்?"

பொன்னிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"வியாழக்கிழமை காலையில உங்களுக்கு எடம் போடறேன்" என்றான் அவன். "அதுவும் முடியலைன்னா வேலூர் போயி மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். அங்க மூணு வாரமாவது காத்திருக்கணும்கா. டாக்டர் அவசரம்னு எழுதியிருக்காரு."

திரும்பும் வழியில் பலராமன் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கேட்டான். "ஆமா, நீ எப்பயாச்சும் அந்த இடுக்குல போயிருக்கியா?"

பொன்னி வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றாள்.

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. ஒரு தடவகூட இல்ல."

பலராமன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அடங்காமல் வண்டியை ஓரம் கட்டினான். கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. "சரி விடு. புதன்கெழம காலையில கூட்டம் கம்மியா இருக்கும். நான் வெளிய நிக்கிறேன், நீ உள்ள போயி பழகிக்கோ" என்றான்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் போனார்கள். பொன்னி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வாசலில் குந்தி, உள்ளே கையை நீட்டினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. தலை போனது, தோள் போனது. இருட்டு. யார் அவளுக்குச் சொல்வது? முன்வாசலில் பலராமன் குனிந்து நின்றுகொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"பொன்னி, மூச்சை நல்லா இழுத்துக்கோ! இழுத்துத் தள்ளு!"

"யோவ், மூச்சை இழுக்கக் கூடாதுய்யா!"

"ரெண்டு தோளையும் ஒண்ணா விடு!"

"ரெண்டையும் ஒண்ணா விட்டா நான் எப்படி வருவேன்? ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லணும். இருபது வருஷமா எட்டு தடவ தாண்டிப் போறியே, காதுல ஒண்ணுமே உழலியா?"

"அப்ப கால உள்ள மடக்கு!"

"மடக்குனா முட்டி இடிக்கும்! நீட்டி உதைக்கணும், இதோ, இப்படி!" உதைத்துக் காட்டினாள். "மூச்சை விட்டுக்கினே உதைக்கணும், இதோ! கத்துக்கினியா? நாளைக்கு எவனாச்சும் மாட்டிக்கினா நீ கொன்னே போட்டுடுவ!"

முகத்தில் வெளிச்சம் பட்டது. பார்த்தால் முன்வாசலில் பாதி உடம்பு வெளியே இருக்கிறது. எதிரே பலராமன் கைகட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னானா, நிஜமாகவே தெரியாதா என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குப் பொன்னி புழுதியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். உள்ளே கல் எவ்வளவு வழவழப்பு! எத்தனை ஆயிரம் தோள்கள் தேய்த்திருக்கும்! இதைப் பார்க்காமலா இருந்தோம் என்று ஆச்சரியப்பட்டாள். இனி ஸ்கேன் என்ன, எதுவும் முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை குழாய்க்குள் போன பிறகுதான் விஷயம் புரிந்தது.

"அசையக் கூடாதுக்கா" என்றது விமல்ராஜின் குரல், காதில் மாட்டிய கருவியில். "எச்சிலக்கூட மெதுவா முழுங்குங்க. இருபத்தஞ்சு நிமிஷம். அசைஞ்சா படம் கலைஞ்சிடும், மறுபடியும் முதல்லருந்து."

உந்துவதற்கு இங்கே எதுவும் இல்லை. அந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கால் உதைத்து வந்துவிட முடியாது. அவளுக்குத் தெரிந்த கணக்கில் பாதி இங்கே செல்லாது. சும்மா கிடக்கிற பாதி மட்டும்தான். அந்தப் பாதியைத்தான் அவள் ஒருநாளும் பழகவில்லை. ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சும்மா இருந்தாளே, அது வேறு. அது ஒளிந்துகொள்வது.

மிஷின் தடதடவென்று ஆரம்பித்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷின் மாதிரி ஒரு சத்தம், அது நின்றால் ரோட்டைக் குடைகிற மாதிரி இன்னொரு சத்தம். இடது கை பந்தைத் தேடியது. பொன்னி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளையாரிடம் பேசினாள். வாய் திறக்கக் கூடாது என்பதால் மனசுக்குள்ளேயே சண்டை போட்டாள்.

'இங்க பாரு. வண்டி ஏறி வந்தேன், அது என் வேலை. பதினோரு ஊக்கையும் கழட்டினேன், அதுவும் என் வேலை. படுத்துட்டேன். இதுக்கு மேல எனக்குப் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. இந்த நெஞ்சு அடிக்கிறத என்னால நிறுத்த முடியாது. நீ வேணா நிறுத்து, இல்ல அடிச்சிக்கினே கெடக்கட்டும். நான் அசையமாட்டேன்.'

நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது அவளுடைய வேலையாக இல்லாமல் போனது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. இவர் இந்த மாதிரி இருட்டில், தலைக்கு மேல் கல்லோடு, எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறார்! இருபத்திரண்டு வருடம் வாசலில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணினியே, ஒரு நாள் உள்ளே வந்து பார்க்கலியேடி என்று அவர் கேட்கவே இல்லையே. நினைத்ததும் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. அசையக் கூடாதல்லவா.

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றான் விமல்ராஜ். "ஒரு படம்கூட கலையல."

டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்யவேண்டும். செய்தால் கை தப்பிக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் நன்றாக இருக்கும். "சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும், நீட்டலாம். ஆனா உணர்ச்சி திரும்பும்னு நான் சொல்ல முடியாதும்மா. ரொம்ப நாள் நசுங்கிக் கெடந்திருக்கு."

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டாள் பொன்னி.

டாக்டர் படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

ஆட்டோவில் பொன்னி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "காலடியிலயே கெடந்தேனே! வாயத் தொறந்து, போடீ ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அந்தப் பிள்ளையாரு?"

பலராமன் திரும்பாமல் சொன்னான். "ஆடி மாசம் சொன்னேன். தீபாவளிக்குச் சொன்னேன். பொங்கலுக்கும் சொன்னேன்."

"உன்ன யாருய்யா கேட்டா, நான் சாமியச் சொல்றேன்" என்று சீறியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆகி மூன்றாம் மாதம், கழுத்துப் பட்டையோடு மறுபடி கடைக்கு வந்தாள். தேங்காயை இடது கையால் தூக்கினாள். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு புதுப் பழக்கம் மட்டும் சேர்ந்துகொண்டது. வரிசையில் யாராவது நோய்க்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் போச்சு. "ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க? காட்டுங்க" என்று கையை நீட்டுவாள். காட்டினால் மாலையைக் கொடுத்து, "போங்க, நல்லா வேண்டிக்கினு போங்க" என்பாள். சீட்டு இல்லையென்றால் விடமாட்டாள், வாக்குவாதம்தான். பக்கத்துக் கடைக்காரிகள் இவளுக்குக் கழுத்தோடு புத்தியையும் ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள் என்று சிரித்தார்கள். சிலபேர் திட்டிவிட்டு அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போனார்கள். பொன்னி அசரவில்லை.

போன திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருத்தி வந்தாள். சரசு என்று பெயர் சொன்னாள். ஐம்பது வயது இருக்கும். மல்லாட்டைக் கொல்லையில் வயல்வேலை செய்கிற உடம்பு. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"காலு மரத்துப்போவுது. பத்து மாசமா" என்றாள்.

"சீட்டு எங்க?"

"இன்னா சீட்டு?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு. டாக்டராண்ட காட்டினீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? பிள்ளையார் பாத்துப்பாருன்னுதான் பஸ் ஏறி வந்திருக்கேன். மாலையக் குடு."

"முதல்ல காட்டிட்டு வாங்க, தரேன்."

சரசுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "கோயில் வாசல்ல ஒக்காந்துக்கினு சாமி கும்புட வரவங்களைத் தடுக்கிறியே, உனக்கு சாமி மேல நம்பிக்கையே இல்லியா?"

பொன்னி எழுந்தாள். திட்டப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். வலது கையை சரசுவின் முன்னால் நீட்டினாள்.

"இந்த ரெண்டு வெரலையும் கிள்ளுங்கக்கா."

"எதுக்கு?"

"கிள்ளுங்க. இன்னும் பலமா. நகம் படட்டும்."

சரசு கிள்ளினாள். நகம் பதிந்து வெள்ளையாகத் தடம் விழுந்தது. பொன்னியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரசு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன அதே வார்த்தையத்தான் நானும் சொன்னேன். ஒரு வருஷம் சொன்னேன்" என்றாள் பொன்னி. "இந்தப் பிள்ளையாரு பாத்துக்கினுதான் இருந்தாரு. நான்தான் எழுந்து போவல."

சரசு விரல்களை விடவில்லை. நகம் பட்ட இடத்தைத் தன் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். அதுவும் பொன்னிக்குத் தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவ உள்ள போயி வந்துட்டு, அப்புறமா போறேனே?" என்றாள், குரல் இறங்கி.

"ஆஸ்பத்திரியில பத்து மணி வரைக்கும்தான் டோக்கன் குடுப்பாங்க. இவரு எங்கயும் போவமாட்டாரு."

ஓரமாக நின்றிருந்த பலராமன் ஆட்டோவின் என்ஜினை முடுக்கினான். சரசு மரத்துப்போன காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். பொன்னி ஒரு கணம் அதைப் பார்த்தாள். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.